இறந்தவரின் உடல் யாருக்குச் சொந்தம்? எழுதி வைத்த விருப்பம் செல்லுமா?

பூங்கோதை

என் அத்தை, அப்பாவின் அக்கா, திருமணம் செய்துகொள்ளாதவர். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தன் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். சொன்னதோடு நிற்காமல் உயிலிலும் எழுதியிருந்தார். அவர் இறந்த அன்று வீட்டில் கூடிய பெரியவர்கள், "அதெல்லாம் ஏதோ பேச்சுக்குச் சொன்னது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். மறுநாள் காலை தகனம் நடந்துவிட்டது.

உயில் இருந்த உறையைப் பிரித்தது அதற்கு அடுத்த வாரம். நீல மையில், கரும்பலகையில் எழுதுவது போன்ற குண்டு எழுத்தில், மூன்றாவது பத்தியில் இருக்கிறது: "என் உடலை எரிக்க வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். படிக்கிற பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்." அதே உயிலின் முதல் பத்தியில் வீடு யாருக்கு என்று எழுதியிருக்கிறார். அந்தப் பத்தியை ஒருவரும் மீறவில்லை. மீறவே முடியாது என்கிறார்கள்.

வீட்டுக்குச் செல்லுபடியாகும் எழுத்து, எழுதியவரின் உடலுக்கு ஏன் செல்லுபடியாகவில்லை? சட்டம் தெரிந்தவர்கள் விளக்குங்கள். ஆறுதல் வேண்டாம், பதில் வேண்டும்.

செங்கதிர்

வழக்கறிஞராக இருப்பதால் எழுதுகிறேன். பதில் கசப்பானது, பூங்கோதை. ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் இறந்தவரின் உடல் எவருடைய சொத்தும் அல்ல. அவருடைய சொத்தாகவும் அது இருந்ததில்லை. சொத்தாக இல்லாத ஒன்றை உயில் வழியாக ஒருவருக்குக் கொடுக்க முடியாது என்பதே நீதிமன்றங்கள் பிடித்துக்கொண்ட தர்க்கம்.

இதன் வேர் மிகப் பழையது. 1614இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெய்ன்ஸ் என்பவன் கல்லறைகளைத் தோண்டி, பிணங்களைச் சுற்றியிருந்த துணிகளைத் திருடினான். அந்தத் துணிகள் யாருடையவை என்ற கேள்வி எழுந்தது. பிணத்தால் எதையும் உடைமையாகக் கொள்ள முடியாது, ஆகவே துணி அதைப் போர்த்தியவருக்கே சொந்தம் என்று முடிவானது. பிற்காலச் சட்ட நூலாசிரியர்கள் இதை நீட்டி, உடலே யாருக்கும் சொந்தமில்லை என்ற இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

உங்கள் அத்தையின் நிலைக்கு மிக நெருக்கமானது 1882ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் வழக்கு. ஹென்றி குரூக்கென்டன் என்பவர் தன் உடலைத் தோழி எலிசா வில்லியம்சிடம் ஒப்படைக்க வேண்டும், அவர் அதை எரிக்க வேண்டும் என்று உயிலின் இணைப்பில் எழுதினார். குடும்பத்தார் அதை ஏற்காமல் லண்டனில் பிராம்ப்டன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள். அந்தப் பெண் விடவில்லை. உடலை வேல்ஸுக்கு மாற்றி அடக்கம் செய்யப் போவதாகச் சொல்லி அரசிடம் அனுமதி பெற்றார், தோண்டி எடுத்தார், இத்தாலியின் மிலான் நகருக்குக் கொண்டுபோய் எரித்தார். பிறகு செலவைக் கேட்டு வழக்குப் போட்டார். கே என்ற நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். உடலில் சொத்துரிமை இல்லை, ஆகவே உயிலில் உடலைப் பற்றி எழுதும் கட்டளைக்குச் சட்ட பலம் இல்லை என்றார். அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் இன்றுவரை பல நாடுகள் நிற்கின்றன.

இன்னொரு பாதியும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். உடல் சொத்து இல்லை என்றாலும், அதை எடுத்து உரிய முறையில் இறுதிக் காரியத்தை முடிக்கும் கடமையும் அதற்கான உரிமையும் ஒருவருக்கு உண்டு. முதலில் உயிலின் நிறைவேற்றுநர், அதாவது அதில் எழுதியதை நடத்தி முடிக்க உயிலிலேயே பெயரிடப்பட்டவர். அப்படி ஒருவர் இல்லையென்றால் வாரிசுரிமையில் முன்னால் நிற்பவர். இறந்தவரின் விருப்பத்தை அவர் கருத்தில் கொள்ளலாம், கொள்ளவும் வேண்டும். ஆனால் அது அவரைக் கட்டாது.

அதனால் கேட்கிறேன்: உயிலில் நிறைவேற்றுநராக யார் பெயர் இருக்கிறது?

மாசிலாமணி

சட்டம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைப்பவன் நான். இறந்தவருக்கு வலியும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. துக்கத்தைச் சுமக்கப் போகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

என் தந்தை எழுதி வைத்திருந்தார்: எனக்கு எந்த அடையாளமும் வேண்டாம், என்னை எங்கே விட்டீர்கள் என்று எவருக்கும் தெரிய வேண்டாம் என்று. அம்மாவுக்கோ போய் உட்கார்ந்து அழ ஓர் இடம் வேண்டியிருந்தது. நாங்கள் அம்மாவின் பக்கம் நின்றோம். பெயர் பொறித்த கல் ஒன்று வைத்தோம். அம்மா தன் கடைசிக் காலம்வரை அங்கே போய்வந்தார். அப்பாவின் காகிதத்தைக் கோவிலில் வைத்துக் கும்பிட்டிருந்தால் அம்மாவுக்கு என்ன கிடைத்திருக்கும்?

கயல்

மாசிலாமணி ஐயா, உங்கள் அம்மாவின் தேவை உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை. பூங்கோதையின் அத்தை விஷயத்தில் அப்படி ஒரு தேவை யாருக்கு இருந்தது? ஊர் என்ன சொல்லும் என்ற யோசனையைத் துக்கம் என்று எழுதிவிட முடியாது.

இறந்தவருக்கு ஏமாற்றம் இல்லை என்கிறீர்கள். அந்த விருப்பத்தை எழுதியபோது அவர் உயிரோடு இருந்தார். தன் சொல் காற்றில் போகும் என்று தெரிந்துகொண்டே வாழ்வது உயிரோடு இருப்பவரின் வேதனை. அந்த வேதனையைச் சட்டம் ஏன் கணக்கில் எடுக்கவில்லை? வீட்டை எழுதி வைத்தவரும் இறந்துதான் போகிறார். அவருக்கும் வலி இல்லை. ஆனாலும் அவர் எழுத்தை ஏழு கடல் தாண்டியும் காப்பாற்றுகிறோம்.

பூங்கோதை

செங்கதிர் அவர்களுக்கு: நிறைவேற்றுநராக அத்தையுடன் அதே பள்ளியில் வேலை பார்த்த தோழியின் பெயர் இருக்கிறது. அவருக்கு மரணச் செய்தியே தகனம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. தன்னை நிறைவேற்றுநராக எழுதியிருப்பது உயிலைப் பிரித்த அன்றுதான் தெரியும் என்கிறார்.

செங்கதிர்

அப்படியானால் உடலைப் பெற முதல் உரிமை இருந்தவர் அவர்தான். உங்கள் அப்பாவோ மற்ற பெரியவர்களோ அல்ல. நிறைவேற்றுநரின் இந்த உரிமை இறப்பு நேர்ந்த கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அவர் அன்று அங்கே இருந்து, உயிலின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் பொறுப்பேற்கிறேன்" என்று சொல்லியிருந்தால், மற்றவர்கள் தடுக்கச் சட்டத்தில் இடம் இருந்திருக்காது.

எழுதிய விருப்பத்துக்குச் சட்ட பலம் இல்லை. எழுதிய பெயருக்கு உண்டு. என்னிடம் வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். உங்கள் அத்தை இரண்டையும் எழுதினார். பெயருக்கு உரியவரிடம் சொல்லாமல் விட்டதுதான் எல்லாவற்றையும் சாய்த்துவிட்டது.

நிலவன்

சட்டத்தால் முடியாது என்று சொல்லும்போது எந்தச் சட்டம் என்றும் சொல்ல வேண்டும், செங்கதிர். பிரான்சில் 1887 நவம்பர் 15ஆம் தேதிச் சட்டப்படி, வயது வந்த எவரும் தன் இறுதிச் சடங்கு எப்படி நடக்க வேண்டும், எரிப்பதா புதைப்பதா, மதச் சடங்கு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். அது குடும்பத்தைக் கட்டும். தெரிந்தே மீறினால் அது குற்றம்: 6 மாதம் வரை சிறை, 7,500 யூரோ வரை அபராதம். சண்டை வந்தால் நீதிபதி 24 மணி நேரத்துக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தின் குடிமைச் சட்டத் தொகுப்பும் இதே வழியில்தான் போகிறது: வயது வந்தவர் தன் உடலை என்ன செய்வது என்று தானே தீர்மானிக்கலாம், அவர் எதுவும் சொல்லாதபோதுதான் வாரிசுகளுக்கு அந்த அதிகாரம். ஸ்காட்லாந்து 2016இல் இயற்றிய அடக்கம், தகனச் சட்டம், தன் இறுதிக் காரியத்தை நடத்தும் பொறுப்பை யாருக்குத் தருவது என்று எழுத்தில் பெயரிட வழி செய்கிறது.

எனவே இது இயற்கையின் விதி அல்ல. நாடுகள் செய்த தேர்வு. 1882இல் ஒரு நீதிபதி சொன்னதை மாற்ற முடியாது என்று நினைப்பது வெறும் பழக்கம்.

வேலவன்

24 மணி நேரத் தீர்ப்பு! அது ஒன்று இருந்தால் போதுமே. பல நாடுகளில் மனு எண் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மாசிலாமணி

நிலவன் தம்பி, சிறைத் தண்டனை வரை போக வேண்டுமா? துக்க வீட்டில் தவறு செய்த மகனைச் சிறையில் போடும் சட்டத்தை என்னால் கொண்டாட முடியவில்லை.

யாழினி

எல்லோரும் குடும்பத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். விருப்பத்தை மீறுவது குடும்பம் மட்டும் அல்ல. குடும்பம் இல்லாதவரின் உடலை அறிவும் பணமும் உள்ளவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

சார்லஸ் பைர்ன், 1761இல் அயர்லாந்தில் பிறந்தவர். உயரம் சுமார் 2.31 மீட்டர். லண்டனில் தன் உயரத்தையே காட்சிப்படுத்திப் பிழைத்தார். உடல் தளர்ந்தபோது, அறுவை மருத்துவர்கள் தன் எலும்புக்கூட்டுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தன்னை ஈயப் பெட்டியில் வைத்துக் கடலில் இறக்கிவிடும்படி நண்பர்களிடம் கெஞ்சினார். 1783இல், 22 வயதில் இறந்தார். நண்பர்கள் பெட்டியுடன் கடலுக்குப் புறப்பட்டார்கள். ஜான் ஹண்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் பணம் கொடுத்து உடலைக் கைப்பற்றிவிட்டார். 500 பவுண்டு என்று சொல்லப்படுகிறது. சதையை வேகவைத்து நீக்கி எலும்புக்கூட்டை எடுத்தார்கள். ஜோஷுவா ரெனால்ட்ஸ் தீட்டிய ஹண்டரின் உருவப்படத்தை உற்றுப் பாருங்கள். வலது மேல் மூலையில், படச் சட்டத்தின் விளிம்பில் இரண்டு எலும்புப் பாதங்கள் தொங்கும். அவை பைர்னுடையவை. அவர் எதற்கு அஞ்சினாரோ அது ஓர் அலங்காரப் பொருளாக அங்கே நிற்கிறது.

இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் லண்டனின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் அவர் கண்ணாடிப் பேழைக்குள் நின்றார். அருங்காட்சியகம் புதுப்பிக்கப்பட்டு 2023இல் திறந்தபோது, இனிக் காட்சிக்கு வைக்கப்போவதில்லை என்று அறிவித்தார்கள். ஆனால் ஆய்வுக்காகத் தங்களிடமே வைத்துக்கொள்கிறார்கள். கடலில் இறக்கவில்லை.

அடுத்து ட்ருகனினி. தாஸ்மானியாவின் ஆதிக்குடிப் பெண். தன் இனத்தவரின் உடல்கள் அறுக்கப்பட்டதை அறிந்தவர். தன்னையும் அப்படிச் செய்துவிடாதீர்கள், டாண்ட்ரகாஸ்டோ கால்வாயில் விட்டுவிடுங்கள் என்று வேண்டினார். 1876இல் இறந்தார். இரண்டே ஆண்டுகளில் தோண்டி எடுத்தார்கள். அவருடைய எலும்புக்கூடு 1947 வரை அருங்காட்சியகத்தில் பார்வைக்கு இருந்தது. 1976இல், அவர் இறந்து நூறு ஆண்டுகள் ஆகும் தறுவாயில், தகனம் செய்து சாம்பலை அதே கால்வாயில் கரைத்தார்கள்.

இறந்தவருக்கு ஏமாற்றம் இல்லை என்று இந்த இருவரைப் பற்றியும் சொல்ல முடியுமா, மாசிலாமணி ஐயா? இருவரும் உயிரோடு இருந்தபோதே அந்தப் பயத்தை அனுபவித்தார்கள்.

மாசிலாமணி

அது களவு, யாழினி அம்மா. களவை நான் ஆதரிக்கவில்லை. அன்பால் மீறுவதும் ஆதாயத்துக்காக மீறுவதும் ஒன்றல்ல.

கயல்

மீறப்பட்டவருக்கு அந்த வேறுபாடு எங்கே தெரியும்? கடைசியில் இரண்டிலும் நடந்தது அவர் வேண்டாம் என்றதுதான்.

மருதம்

உடற்கூறியல் கற்பிக்கிறேன். அதனால் இந்த இழையை மிகுந்த பதற்றத்தோடு படிக்கிறேன்.

பைர்ன் விஷயத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1909இல் மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் அந்த மண்டையோட்டைத் திறந்து பார்த்து, உடல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பிட்யூட்டரி சுரப்பி அமர்ந்திருந்த குழி பெரிதாகியிருப்பதைக் கண்டார். 2011இல் வெளியான ஆய்வில் அவருடைய பற்களிலிருந்து எடுத்த டிஎன்ஏ மூலம் அவருடைய உயரத்துக்குக் காரணமான மரபணுக் கோளாறு அடையாளம் காணப்பட்டது. இன்று வடக்கு அயர்லாந்தில் வாழும் சில குடும்பங்களிலும் அதே கோளாறு இருக்கிறது. முன்கூட்டியே தெரிந்தால் சிகிச்சை செய்யலாம். அதனால் பயனே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். பயன் இருக்கிறது. ஆனால் எடுக்க வேண்டியதை எடுத்தாகிவிட்டது. இனியும் அவரை வைத்திருக்க என் துறை சொல்லும் காரணங்கள் எனக்குப் போதவில்லை.

எங்கள் துறையின் வரலாறு அழகானதல்ல. இங்கிலாந்தில் 1752ஆம் ஆண்டுச் சட்டப்படி, தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களின் உடல்கள்தான் அறுவைக் கூடங்களுக்கு வந்தன. தண்டனையின் ஒரு பகுதியாகவே அதை வைத்திருந்தார்கள். உடல்கள் போதவில்லை, கல்லறைத் திருட்டு பெருகியது. எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று உடல்களை உடற்கூறியல் ஆசிரியர் ராபர்ட் நாக்ஸிடம் விற்றார்கள். அது 1828இல் வெளிவந்தது. அதன் பிறகு வந்த 1832 சட்டம், ஏழை விடுதிகளில் கேட்பாரற்று இறந்தவர்களின் உடல்களை எங்களுக்குத் தந்தது. கொலைகாரனுக்குக் கொடுத்த தண்டனை ஏழைக்கு விதியானது. அதே ஆண்டு ஜூன் மாதம் இறந்த தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம் தன் உடலைத் தானே முன்வந்து அறுவைக்குக் கொடுத்தார். அவருடைய எலும்புக்கூடு உடை உடுத்தி, மெழுகுத் தலையுடன் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இன்றும் அமர்ந்திருக்கிறது. எழுதியபடியே நடந்த மிகச் சில விருப்பங்களில் அதுவும் ஒன்று. அவருக்கு அதை நிறைவேற்ற மருத்துவர் சவுத்வுட் ஸ்மித் என்ற நண்பர் இருந்தார்.

இன்று இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டப்படி, உடற்கூறியல் படிப்புக்கு உடலைத் தர இறந்தவரே உயிரோடு இருந்தபோது சாட்சியுடன் எழுத்தில் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அவருக்காகப் பிள்ளைகள் கையெழுத்திட முடியாது. லிவர்பூலின் ஆல்டர் ஹே மருத்துவமனையில் இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருந்தது அம்பலமான பிறகு வந்த சட்டம் அது.

ஆனால் சட்டம் ஒன்று, மருத்துவமனையில் நடப்பது ஒன்று. உறுப்பு தானத்தில் இறந்தவரின் ஒப்புதல் இருந்தால் உறவினர்களுக்கு மறுக்கும் உரிமை அந்தச் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்ற 2006ஆம் ஆண்டின் சீரான உடல் தானச் சட்டமும் அப்படித்தான். இருந்தும், அழுதுகொண்டு நிற்கும் மனைவி வேண்டாம் என்றால் எந்த மருத்துவர் கத்தியை எடுப்பார்? பெரும்பாலோர் எடுப்பதில்லை. எங்கள் துறையிலும் அப்படித்தான். குடும்பம் சண்டையிட்டுக்கொண்டிருக்கும் உடலை எந்தக் கல்லூரியும் வாங்கத் தயங்கும்.

வேலவன்

ஐன்ஸ்டைனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1955இல் பிரின்ஸ்டனில் இறந்தார். உடலைத் தகனம் செய்து, சாம்பலை வெளியில் சொல்லாத இடத்தில் தூவினார்கள். பிரேதப் பரிசோதனை செய்த தாமஸ் ஹார்வி யாரிடமும் கேட்காமல் மூளையை எடுத்து வைத்துக்கொண்டார். மகனின் சம்மதத்தை அதன் பிறகுதான் வாங்கினார். உலகமே மதித்த மனிதருக்கே இந்த நிலை.

செங்கதிர்

யாழினி, மருதம் இருவரும் சொன்னதோடு சட்டத்தின் ஒரு விசித்திரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1868இல் நியூசிலாந்தில் இரண்டு தலைகளுடன் இறந்து பிறந்த குழந்தையை மருத்துவர் ஒருவர் சாராயக் குப்பியில் பாதுகாத்து வைத்தார். அவர் இறந்த பிறகு அது ஏலத்தில் போனது, காட்சிப் பொருளானது, கடைசியில் போலீஸ் பறிமுதல் செய்தது. 1908இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சொன்னது: ஒருவர் தன் உழைப்பாலும் திறமையாலும் ஓர் உடலை வேறுபட்ட பொருளாக்கியிருந்தால், அதை வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. குப்பி திருப்பித் தரப்பட்டது.

லண்டனில் கலைஞர் ஒருவர் அறுவை மருத்துவர்களின் அரச கல்லூரியிலிருந்து உடல் பாகங்களை எடுத்துச் சென்ற வழக்கில், 1998இல் அதே கருத்தின் அடிப்படையில்தான் அவர் திருட்டுக் குற்றவாளி ஆனார். உடல் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதைப் பதப்படுத்தியவருக்குச் சொந்தமாகலாம். அந்த உடலோடு பிறந்து வாழ்ந்தவரிடம் சட்டம் சொல்லாத ஒரு வார்த்தையை, அதை அறுத்தவரிடம் சொல்லியிருக்கிறது. எனக்கு இது எந்தக் காலத்திலும் ஜீரணமாகவில்லை.

நிலவன்

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? விருப்பத்துக்கே பலம் கொடுங்கள் என்பதற்கு இதைவிட நல்ல வாதம் இல்லை.

அகிலன்

எந்த விருப்பத்துக்கு? மனிதன் ஒரே விருப்பத்தோடு சாவதில்லை.

அமெரிக்க பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் 2002இல் இறந்தார். தன்னைத் தகனம் செய்து, சாம்பலை ஃபுளோரிடா கடலில் தூவச் சொல்லி உயில். மகனோ எண்ணெய்க் கறை படிந்த ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டினார். 2000ஆம் ஆண்டில் தந்தையும் தானும் தங்கையும் கையெழுத்திட்டது, எதிர்காலத்தில் உயிர்ப்பிக்கும் நம்பிக்கையில் மூவரின் உடல்களையும் உறையவைக்க ஒப்புக்கொண்டது என்றார். மூத்த மகள் எதிர்த்தார். பிறகு வழக்கைக் கைவிட்டார். அவருடைய உடல் அரிசோனாவில் குளிரூட்டிய கலனுக்குள் இருக்கிறது. முத்திரையிட்ட உயில் தோற்றது, காரின் பின்பெட்டியில் கிடந்த காகிதம் நின்றது. பிரான்ஸ் நாட்டுச் சட்டமாக இருந்தாலும் நீதிபதி இதில் எதைக் கடைசி விருப்பம் என்று எடுத்துக்கொள்வார்?

செங்கதிர்

நல்ல கேள்வி. 2016இல் இங்கிலாந்தில் இதே உறைய வைப்பது பற்றி ஒரு வழக்கு வந்தது. புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த 14 வயதுச் சிறுமி தன் உடலை உறையவைக்க வேண்டும் என்று விரும்பினாள். தாய் ஆதரவு. பல ஆண்டுகளாகத் தொடர்பில் இல்லாத தந்தை எதிர்ப்பு. 18 வயது ஆகாததால் உயில் எழுத அவளுக்கு முடியாது. நீதிபதி பீட்டர் ஜாக்சன் மருத்துவமனைக்குப் போய் அவளை நேரில் பார்த்தார்.

உறையவைப்பது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல அவர் மறுத்துவிட்டார். இறந்த பிறகு முடிவெடுக்கும் அதிகாரம் தாய்க்கு மட்டுமே என்று உத்தரவிட்டார். சிறுமி நினைத்தபடியே நடந்தது. கவனியுங்கள், இங்கேயும் விருப்பத்துக்கு நேரடியாக உயிர் கொடுக்கவில்லை. அதை மதிக்கும் மனிதரிடம் உடலை ஒப்படைத்தார், அவ்வளவுதான். உறையவைப்பதில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தக் குழந்தை நிம்மதியாகக் கண்ணை மூடியதில் எனக்கு முழு நிறைவு.

அகிலன்

அந்த மனிதருக்கும் எல்லை உண்டு. நியூசிலாந்தில் ஜேம்ஸ் தாக்கமோரே 2007இல் இறந்தார். துணைவியார்தான் நிறைவேற்றுநர். பிறந்த குலத்தார் உடலை எடுத்துச் சென்று தங்கள் மண்ணில் அடக்கம் செய்தார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் முடிவெடுக்கும் உரிமை நிறைவேற்றுநருக்கே என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த பிறகும் உடல் அங்கேயேதான் இருந்தது. புதைத்த உடலைத் தோண்ட எந்த நீதிமன்றமும் எளிதில் முன்வராது, வந்தாலும் களத்தில் நடக்காது. முதல் இரண்டு நாளில் யார் கையில் உடல் இருக்கிறதோ அவர் கைதான் ஓங்கும்.

பூங்கோதை

அதைத்தான் நான் கண்ணால் பார்த்தேன். தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் தகனத்துக்கு நேரம் குறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரிடம் பேசியும் பயனில்லை.

வேலவன்

நல்ல செய்தியும் ஒன்று சொல்கிறேன். கேரளத்தில் மார்க்சிஸ்ட் மூத்த தலைவர் எம். எம். லாரன்ஸ் 2024 செப்டம்பரில் காலமானார். உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தர வேண்டும் என்று அவர் சொல்லியிருந்ததாக மகன் தெரிவித்தார். மகள் எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். சாட்சிகள் முன்னிலையில் வாய்மொழியாகத் தெரிவித்த விருப்பத்தையும் அந்த மாநில உடற்கூறியல் சட்டம் ஏற்கிறது. உயர் நீதிமன்றம் மகளின் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அதுவரை உடல் கல்லூரியிலேயே பத்திரமாக இருந்தது. எழுத்து இல்லாமலேயே நின்றது, பாருங்கள்.

கயல்

நின்றதற்குக் காரணம், அவர் சொன்னதைக் காதால் கேட்டவர்கள் முன்வந்து சாட்சி சொன்னதுதான். பூங்கோதை, உங்கள் அத்தை பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார் என்றீர்கள். கேட்டவர்கள் எத்தனை பேர் அன்று அந்த அறையில் இருந்தார்கள்?

பூங்கோதை

எல்லோரும் இருந்தார்கள்.

மாசிலாமணி

பூங்கோதை அம்மா, அத்தைக்கு நேர்ந்தது சரியென்று நான் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அவரை அப்படிக் கைவிட்டது வருத்தத்துக்குரியது. நான் கேட்பது ஒன்றுதான்: எழுதுகிறவர், எழுதும்போதே வீட்டாரை உட்காரவைத்துப் பேச வேண்டாமா? என் தந்தை பேசியிருந்தால், அம்மா தன் தேவையைச் சொல்லியிருப்பார். இருவரும் ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். அவர் எங்களுக்கு விட்டுச் சென்றது ஒரு கட்டளையை. கட்டளையோடு எப்படிப் பேசுவது?

கயல்

இதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை, ஐயா.

இளவேனில்

இடையில் ஒரு கேள்வி. சாம்பலுக்கும் இதே விதியா? எங்கள் வீட்டில் அண்ணனும் அக்காவும் அஸ்திக் கலசத்துக்காக ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருக்கிறார்கள்.

செங்கதிர்

நாட்டுக்கு நாடு வேறுபடும். 2004இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றம், நெருப்பில் உருமாறிய சாம்பலைச் சொத்தாகக் கருதலாம் என்றது. பல இடங்களில் நடைமுறை எளிது: தகனத்துக்கு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவரிடம் கலசத்தைக் கொடுப்பார்கள். அந்தக் கையெழுத்தைப் போட்டவர் யார் என்று பாருங்கள். முடிந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் பிரித்துக்கொள்ளுங்கள்.

பூங்கோதை

அத்தைக்கு இனி எதுவும் செய்ய முடியாது என்பது புரிகிறது. என் பெயரிலும் இதையே எழுதப் போகிறேன். எப்படி எழுதினால் நிற்கும்? மருதம், செங்கதிர் இருவரும் சொல்லுங்கள்.

செங்கதிர்

உயிலில் மட்டும் எழுதாதீர்கள். உயிலை எல்லோரும் சொத்துக் காகிதமாகவே நினைக்கிறார்கள், அதனால் காரியம் முடிந்த பிறகுதான் தேடுவார்கள். உடலைப் பற்றியது தனிக் காகிதமாக இருக்கட்டும். பொறுப்பேற்பவரின் பெயரும், அவரால் வர முடியாவிட்டால் யார் என்பதும் அதில் வேண்டும். அவரே நிறைவேற்றுநராகவும் இருந்தால் நல்லது. அவரிடம் ஒரு பிரதி, கல்லூரியில் ஒரு பிரதி, எதிர்க்கக்கூடிய உறவினரிடம் ஒரு பிரதி. மூன்றாவதைக் கொடுக்கத்தான் எல்லோரும் தயங்குவார்கள். அதைக் கொடுப்பதுதான் மிக முக்கியம். அமெரிக்கப் படையில் ஒவ்வொருவரும், தான் இறந்தால் உடலைப் பற்றி முடிவெடுப்பவர் யார் என்று ஒரே ஒரு பெயரைப் படிவத்தில் எழுதியாக வேண்டும். சாவு எப்போதும் வரலாம் என்று தெரிந்தவர்கள் கண்ட வழி அது.

மருதம்

நான் சேர்க்க வேண்டியது இதுதான். பதிவு செய்திருந்தாலும் கல்லூரி உடலை ஏற்காமல் போகலாம். பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால் பெரும்பாலும் வாங்கமாட்டோம். சில தொற்று நோய்கள் இருந்தால் வாங்கமாட்டோம். கண் தானம் பரவாயில்லை, மற்ற உறுப்புகள் எடுக்கப்பட்டிருந்தால் பல கல்லூரிகள் மறுக்கும். தாமதமாகக் கொண்டுவந்தாலும் சிக்கல்தான். எந்தெந்தக் காரணங்களுக்கு மறுப்பார்கள் என்று பதிவு செய்யும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

உறுப்பு தானமும் உடல் தானமும் இரண்டையும் விரும்பினால் எது முதலில் என்று எழுதுங்கள். கல்லூரி மறுத்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதுங்கள்: தகனமா, அடக்கமா, யார் நடத்துவது. அந்த இரண்டாவது வரி இல்லாமல் வந்த காகிதங்களை வைத்துக்கொண்டு, எங்கள் துறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இனி எங்கே போவது என்று தெரியாமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். படிவம் வாங்கப் போகும் நாளில் பொறுப்பேற்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இறந்த உடன் அழைக்க வேண்டிய துறைத் தொலைபேசி எண் அவருடைய கைபேசியில் இருக்கட்டும்.